கைப்பேசியில் வந்த கைது

நம் பாட்டனார் காலத்துத் தமிழில் ‘சைபர்’ என்றால் பூஜ்யம். கணக்குப் பரீட்சையில் சைபர் வாங்கி வந்த பையனுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அச்சொல் அரபு மொழியிலிருந்து ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. இன்று செய்தித்தாள்களில் நாள்தோறும் நாம் காணும் ‘சைபர்’ வேறு. அது கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. 1948 ஆம் ஆண்டில் நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், எந்திரங்களிலும் உயிர்களிலும் அமைந்துள்ள கட்டுப்பாட்டு முறையைப் பற்றித் தாம் எழுதிய நூலுக்கு அக்கிரேக்கச் சொல்லைக் கொண்டு பெயரிட்டார். இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ஆயினும் எங்கள் குடியிருப்பில் வாழும் முதிய அம்மையார் ஒருவர் தம் வங்கிக் கணக்கை நம்மிடம் காட்டி, “சைபர் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், தம்பி” என்று சொன்னபோது, நம்முடைய சொல்லாராய்ச்சியை நாம் நிறுத்திக் கொண்டோம்.

நேயர்களே, நாம் புதுதில்லியில் மத்திய அரசின் துறையொன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கிறோம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதப்பெறும் அறிவிப்புகளைத் தமிழாக்குவது நமது அன்றாட வேலை. கலைப் பட்டதாரியாகிய நமக்குக் கணிப்பொறியின் உள்ளுறுப்புகள் தெரியா. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக நம் மேசைக்கு வரும் தாள்களில், மக்களே, எச்சரிக்கையாக இருங்கள் என்ற பொருள்பட எழுதப்பட்டவை மிகுந்து வருகின்றன. அத்தாள்களைத் தமிழாக்கியவர் என்ற உரிமையும், அவற்றுள் ஒன்று பயன்படாமற் போனதைக் கண்ணாற் கண்டவர் என்ற வருத்தமுமே இன்று பேச நமக்குள்ள தகுதி.

முதலில் அந்த அம்மையாரின் கதையைச் சொல்லி விடுவோம். தில்லியிலே தமிழ்ப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் புனேயில் இருக்கிறார். இராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திருக்கு நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் அவர் வீடு. நாற்பது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தவர். காய்கறிக் கடையில் இந்தியில் வாதாடி விலையைக் குறைப்பதில் எங்கள் குடியிருப்பிலே அவருக்கு நிகர் எவரும் இல்லை.

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் பெயரில் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பொட்டலம் ஒன்றில் போதைப் பொருள் இருந்ததாகவும், அதில் அவருடைய ஆதார் எண் எழுதப்பட்டிருந்ததாகவும் ஒருவர் கூறினார். பிறகு ‘மும்பை போலீஸுக்கு’ இணைப்பைத் தருவதாகச் சொல்லி, அழைப்பைக் காணொளிக்கு மாற்றினார். திரையில் சீருடை அணிந்த ஒருவர். பின்னே கொடி, மேசை, சுவரில் படம். “நீங்கள் விசாரணை முடியும் வரை கண்காணிப்பில் இருக்கிறீர்கள். கேமராவை விட்டு அகலக் கூடாது. எவரிடமும் பேசக் கூடாது. பேசினால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள்” என்று அவர் இந்தியில் ஆணையிட்டார். சற்று நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் ஓர் ‘உத்தரவு’ வந்தது. கணக்கிலுள்ள பணம் நேர்மையானதுதானா என்று சரிபார்க்க, அதனை ரிசர்வ் வங்கியின் தனிக் கணக்கு ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். சரிபார்த்ததும் திரும்ப வந்துவிடும் என்றார்கள். அம்மையார் 2,00,000 ரூபாய் அனுப்பினார்.

அப்பொழுதும் அவருக்குள் இருந்த ஆசிரியை முற்றிலும் உறங்கிவிடவில்லை. அந்த உத்தரவில் ஒரு சொல் அவருக்கு விளங்கவில்லை. கேமராவுக்குப் புலப்படாதபடி, தம்மிடமிருந்த பழைய கைப்பேசி ஒன்றினால் அந்தத் தாளைப் படமெடுத்து நமக்கு அனுப்பி, கீழே இப்படி எழுதினார்: “தம்பி, ‘அட்டாச்மெண்ட்’ என்றால் பற்று, பாசம் என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே என்ன பொருள்? யாரிடமும் சொல்ல வேண்டாம்.”

‘அட்டாச்மெண்ட்’ என்பதற்குச் சட்டத்தில் ஜப்தி என்று பொருள். ஆனால் நாம் அச்சொல்லைத் தாண்டி அத்தாளை நோக்கினோம். ஒரே தாளின் தலைப்பில் உச்ச நீதிமன்றத்தின் சின்னம், ரிசர்வ் வங்கியின் முத்திரை, சி.பி.ஐ.யின் பெயர் ஆகிய மூன்றும் இருந்தன. கோப்பு எண் இல்லை. அமைச்சகத்தின் இந்திப் பெயரில் எழுத்துப் பிழை. நீதிபதியின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு ‘நிதி அதிகாரி’யின் கையொப்பம். அரசாங்கத் தாள்கள் எவ்வளவு சுவையற்றவை என்பதை நாம் அறிவோம். ஆனால் அவற்றுக்கு ஒரு நடை உண்டு. இந்தத் தாளுக்கு அந்த நடை இல்லை. நாடகக் கம்பெனி ராஜாவின் கிரீடத்தைப் போல அது மிகுதியாக மின்னியது.

உடனே அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். இணைப்பு கிடைக்கவில்லை. பழைய கைப்பேசியை அவர் அணைத்துவிட்டிருந்தார். மற்றது திருடர்களின் பிடியில் இருந்தது. இங்கேதான் நாம் ஒரு பிழை செய்தோம். அவருடைய அடுத்த வீட்டுக்காரரின் எண் நம்மிடம் இருந்தது. குடியிருப்பின் காவலாளியின் எண்ணும் இருந்தது. ஆயினும், “யாரிடமும் சொல்ல வேண்டாம்” என்று அவர் எழுதியிருந்தாரே. மரியாதையுள்ள ஒரு முதியவரின் வீட்டு விஷயம் நாலு பேர் வாயில் விழ வேண்டாம் என்று எண்ணி, விடுப்புச் சொல்லிவிட்டு நாமே ஆட்டோவில் புறப்பட்டோம். சாலையில் ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிடத்தில் அம்மையார் தமது வைப்புத் தொகையைக் கைப்பேசியிலேயே முறித்து, மேலும் 3,00,000 ரூபாயை அனுப்பிவிட்டார். அவரை ஏமாற்றியவன் விதித்த இரகசியத்தை நாமும் காப்பாற்றிக் கொடுத்தோம் என்பது பிறகுதான் நமக்கு உறைத்தது.

இவ்வகைக் களவுக்கு ஆங்கில இதழ்களும் பிறரும் இட்ட பெயர் ‘டிஜிட்டல் அரஸ்ட்’. அதனை நாங்கள் ‘டிஜிட்டல் கைது’ என்று தமிழாக்கினோம். அம்மையார் அப்பெயரை அறியாதவர் அல்லர். 2024 அக்டோபர் 27 ஆம் நாள் பிரதமர் தமது மாதாந்தர வானொலி உரையில் இதைப் பற்றி விரிவாகப் பேசி, சட்டத்தில் இத்தகைய கைது எதுவும் இல்லை என்றும், நில், சிந்தி, பிறகு செயற்படு என்றும் சொன்னார். அதன் தமிழ் வடிவத்தை அம்மையார் கேட்டிருந்தார். பின் ஏன் ஏமாந்தார்? நாம் இதை அவரிடமே கேட்டோம். “அவன் டிஜிட்டல் கைது என்று சொல்லவேயில்லையே, தம்பி, ‘நிக்ரானி’ என்றுதானே சொன்னான்?” என்றார். நிக்ரானி என்றால் கண்காணிப்பு. திருடன் தன் திருட்டுக்கு நாம் வைத்த பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெயரைக் கற்பித்தோம், உருவத்தைக் கற்பிக்கவில்லை. அது மட்டுமன்று, ‘டிஜிட்டல் கைது’ என்று அரசாங்கத் தாளிலேயே அச்சிட்டால், அப்படி ஒரு கைது உண்டு போலும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ‘கைது நாடகம்’ என்று எழுதலாமென்று நாம் ஒரு முறை குறிப்பு வைத்தோம். மூலத்தில் நாடகம் என்ற சொல் இல்லை என்று அது திரும்பி வந்தது. மொழிபெயர்ப்பாளரின் வாழ்க்கையில் இது புதிதன்று.

உருவத்தைக் கற்பிப்பது என்றால் என்ன? நம் நாட்டில் 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவைப் பாருங்கள். கைது செய்பவர், கைதாகிறவர் சொல்லாலோ செயலாலோ பணிந்தாலன்றி, அவருடைய உடலைத் தொட்டோ தடுத்தோ கைது செய்ய வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும், விசேஷக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது. இவை புதியவை அல்ல. பழைய சட்டத்திலும் இருந்தவையே. ‘எவரிடமும் சொல்லாதே’ என்பதும், ‘உறவினருக்குத் தெரிவி’ என்பதும் நேர் எதிரானவை அல்லவா? முன்னதைச் சொல்பவர் போலீஸ்காரர் அல்லர் என்பதை அந்த ஒரு சொல்லிலேயே கண்டுகொள்ளலாம். இன்னொன்று: விசாரணைக்கு வரும்படி போலீஸார் அனுப்பும் நோட்டீஸை வாட்ஸ்ஆப் மூலம் சார்வு செய்வது சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக்கியது. நீதிமன்றங்கள் அனுப்பும் சம்மன்கள் சில மின்வழியில் வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் எந்தச் சம்மனும் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்று என்று சொல்லாது.

இனி அம்மையாரின் வீட்டுக்கு வருவோம். நாம் கதவைத் தட்டியபோது அவர் திறக்க அஞ்சினார். திறந்ததும், திரையில் இருந்தவர் நம்மையும் வழக்கில் சேர்ப்பதாக மிரட்டினார். நாம் கைப்பேசியை அணைத்துவிட்டு 1930 என்ற எண்ணைச் சுழற்றினோம். சுழற்றினோம் என்பது பழைய வழக்கு, அழுத்தினோம்.

இந்த எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அரசாங்கம் செய்துள்ள ஏற்பாடுகளில் சாதாரண மனிதனின் கைக்கு எட்டியது இதுவே என்பது நம் கருத்து. 2021 ஆம் ஆண்டில் மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், நிதி மோசடிகளை உடனுக்குடன் தெரிவிக்கும் முறை ஒன்றைத் தொடங்கியது. அப்போது அதன் எண் 155260. நினைவில் நிற்காத எண். பிறகு அது 1930 ஆயிற்று. அங்கே விடையளிப்பவர்கள் அந்தந்த மாநிலக் காவல் துறையினர். நாம் சொல்லும் விவரங்களை அவர்கள் பதிவு செய்ததும், அச்செய்தி பணம் புறப்பட்ட வங்கிக்கும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் செல்கிறது. பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைக்கப்படுகிறது. இல்லையெனில் அது சென்ற அடுத்த வங்கிக்குச் செய்தி தொடர்ந்து ஓடுகிறது.

திருடிய பணம் ஒரே இடத்தில் தங்குவதில்லை என்பதை நேயர்கள் உணர வேண்டும். வயலில் மடையைத் திறந்தால் நீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிவது போல, ஒரு கணக்கிலிருந்து ஐந்து கணக்குக்கும், ஐந்திலிருந்து ஐம்பதுக்கும் சில நிமிடங்களில் அது பிரிந்துவிடுகிறது. அக்கணக்குகளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் திருடர்கள் அல்லர். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தங்கள் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் வாடகைக்கு விட்ட ஏழைகளும் மாணவர்களும் ஆவர். வேலை தேடி அயல் மாநிலம் வந்த இளைஞர்களிடம், “உன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்” என்று யாரேனும் சொன்னால், அவன் வாங்குவது வங்கிக் கணக்கை அன்று, அவர்களுடைய நற்பெயரை. போலீஸார் முதலில் வந்து நிற்பது அந்த இளைஞனின் வீட்டு வாசலில்தான்.

எனவே நேரமே இதில் எல்லாம். அம்மையாரின் 5,00,000 ரூபாயில் 1,40,000 ரூபாய் இடைவழியில் தடுக்கப்பட்டது. எஞ்சியது போயிற்று. அடுத்த வீட்டுக்காரரை நாம் அழைத்திருந்தால் இரண்டாம் முறை அனுப்பிய பணம் போயிராது என்ற எண்ணம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

இது ஓர் அம்மையாரின் கதை மட்டுமன்று. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, இத்தகைய மோசடிகளில் மக்கள் இழந்ததாகத் தெரிவித்த தொகை 2023 ஆம் ஆண்டில் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024 இல் அது சுமார் 22,845 கோடி. ஓராண்டில் மும்மடங்கு. 1930 ஏற்பாட்டின் மூலம் தொடக்கம் முதல் 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை காப்பாற்றப்பட்டது சுமார் 5,489 கோடி. அது சிறு தொகை அன்று. பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு. ஆனால் ஓராண்டின் இழப்போடு ஒப்பிட்டால் கால் பங்கும் இல்லை. அரசு ஊழியராகிய நாமே இதைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறோம், எண்கள் அரசினுடையவையே.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் நம்மவர் பெரும்பாலோருக்குக் கைப்பேசியே இல்லை. வணிகர்கள் மின்வழியில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அச்சட்டத்தின் முதல் நோக்கம். எளியவரின் சேமிப்பைக் காப்பது அதன் நினைவில் அவ்வளவாக இல்லை. 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஆள் மாறாட்டம் செய்து கணிப்பொறி வழியே ஏமாற்றுவது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றமாயிற்று. அதே திருத்தம் கொண்டுவந்த 66ஏ என்ற பிரிவு, இணையத்தில் கருத்துச் சொன்னவர்களைச் சிறையிலடைக்கப் பயன்பட்டு, 2015 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதென்று தள்ளப்பட்டது. 2004 இல் கணிப்பொறி அவசர நிலைகளைக் கவனிக்கும் தேசியக் குழுவாகிய ‘செர்ட்-இன்’ தோன்றியது. 2013 இல் ஒரு தேசியக் கொள்கை. 2019 இல் இணையவழிப் புகார்த் தளம். 2020 இல் மேலே சொன்ன ஒருங்கிணைப்பு மையத்தின் முறையான தொடக்கம். 2023 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

பெரிய நிறுவனங்களுக்கு நேர்ந்தவற்றை நேயர்கள் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். 2018 ஆகஸ்டில் புனேயைச் சேர்ந்த காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து இரண்டே நாட்களில் 94 கோடி ரூபாய் களவு போயிற்று. பணத்தின் பெரும் பகுதியை 28 நாடுகளின் ஏ.டி.எம். எந்திரங்களில் எடுத்தார்கள். 2019 இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணிப்பொறி ஒன்றில் தீங்கான நிரல் புகுந்திருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் பகுதி அதனின்று தனித்திருந்தது நல்ல காலம். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் நோயாளிகளின் பெயர்களைக் கையால் எழுதினார்கள். சிகிச்சைக்காக ஊரிலிருந்து வந்து வரிசையில் நின்ற தமிழ்க் குடும்பங்களை அப்போது நாம் அறிவோம். இத்தகைய தாக்குதல்களுக்கு வல்லுநர் இருக்கிறார்கள், படை இருக்கிறது. ஒரு முதியவரின் சமையலறையில் ஒலிக்கும் தொலைபேசிக்கு யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

அங்கேயும் சில முயற்சிகள் நடந்துள்ளன. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அலுவலகம் 2022 இல் ‘ராஜுவும் நாற்பது திருடர்களும்’ என்ற பொருளுடைய தலைப்பில் சிறு நூல் ஒன்றை வெளியிட்டது. ராஜு என்பவன் நாற்பது வகையில் ஏமாறும் நாற்பது கதைகள். எச்சரிக்கை என்ற பெயரால் வந்தவற்றில் நாம் விரும்பிப் படித்தது அது ஒன்றுதான். கட்டளையிடாமல் கதை சொன்னதே காரணம். வங்கிகளின் இணைய முகவரிகள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டுமென்று விதித்து, 2025 அக்டோபர் இறுதிவரை தவணை தரப்பட்டது. வங்கிகள் நம்மை அழைப்பதற்கென்று 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ என்னும் ஏற்பாட்டில், நம் பெயரில் நமக்குத் தெரியாமல் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதைக் கண்டுகொள்ளலாம். பயனுள்ளதுதான். ஆனால் அச்செயலியை எல்லாப் புதிய கைப்பேசிகளிலும் கட்டாயம் பதித்தே விற்க வேண்டும் என்று 2025 ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆணை பிறந்து, அரசு நம்மைக் கண்காணிக்குமோ என்று நாடெங்கும் எழுந்த குரலால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. திருடனைக் கண்டு அஞ்சுகிறவர்கள் காவற்காரனைக் கண்டும் அஞ்சினால், எச்சரிக்கை அவர்கள் காதில் ஏறுமா? இதைச் சட்டத்தாலும் செயலியாலும் சரி செய்துவிட இயலாது.

சட்டத்திலே இன்னும் ஓர் இடைவெளி உண்டு. அது பலருக்குத் தெரியாது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அறியாமல் மூன்றாம் மனிதர் பணத்தை எடுத்துவிட்டால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை என்றது. மிக நல்ல விதி. ஆனால் அம்மையாரைப் போல, அச்சத்தினால் தாமே தம் கையால் அனுப்பியவருக்கு அது கைகொடுப்பதில்லை. “நீங்களே அல்லவா அனுப்பினீர்கள்?” என்பதுதான் வங்கியில் அவருக்குக் கிடைத்த முதல் விடை. கழுத்தில் கத்தியை வைத்துப் பறித்தாலும், மிரட்டிக் கொடுக்கச் செய்தாலும் கொள்ளை கொள்ளையே என்று நமக்குத் தோன்றுகிறது. 2025 டிசம்பர் முதல் நாளில் உச்ச நீதிமன்றம், அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியரின் முறையீட்டிலிருந்து எழுந்த வழக்கில், இவ்வகை மோசடிகளை நாடு முழுவதும் விசாரிக்கும் பொறுப்பைச் சி.பி.ஐ.யிடம் தந்தது. அவ்விசாரணை வங்கிகளின் பங்கையும் தொடும் என்பது நம்பிக்கை தருகிறது.

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மேலும் இரண்டொரு செய்தி சொல்ல வேண்டும்.

நம்மை மிரட்டுகிற குரல் பெரும்பாலும் இந்தியில் வருகிறது. அம்மொழியை அரைகுறையாக அறிந்தவர் தம் அறியாமையைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, புரியாததற்கும் ‘ஹா ஜி’ என்கிறார். ‘எனக்குப் புரியவில்லை’ என்று அடித்துச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிப்பதில் அவமானம் எதுவும் இல்லை. அன்று அம்மையாருக்கு அரைகுறை இந்தி தெரிந்ததே ஆபத்தாயிற்று. அதே சமயம், தமிழிற் பேசினால் நம்பிவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. 2022 ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். அவர்கள் பிறகு மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சு மாதத்தில் இத்தகைய முகாம்களிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள். அடுத்த முறை நம்மிடம் அழகிய தமிழில் பேசி ஏமாற்ற வருபவன், பின்னால் தடியுடன் ஒருவன் நிற்க, கண்ணீரோடு பேசும் நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். அதற்காக அவனுக்குப் பணத்தைக் கொடுத்துவிடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலே வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் இளைஞன் இருந்தால், யார் அழைக்கிறார்கள், என்ன வேலை என்று நூறு முறை கேளுங்கள்.

வேறொன்று: வங்கிக் கணக்கு திருநெல்வேலியில், ஆள் சூரத்தில், திருடன் எங்கோ என்றிருந்தால் எங்கே புகார் கொடுப்பது என்று பலர் மயங்கி நாட்களைப் போக்குகிறார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போதைய நடைமுறைச் சட்டத்தின் விதி. 1930 க்குச் சொன்ன பிறகு, ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற தளத்திலும் புகாரை எழுதிவிட வேண்டும். வங்கியின் பெயர், கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிமாற்ற எண் ஆகியவை கையில் இருக்கட்டும். திருடன் அனுப்பிய செய்திகளை வெறுப்பினால் அழித்துவிடாதீர்கள், அவையே சான்று.

அன்று 1930 இல் பேசியவர் பொறுமையுள்ளவர். ஆனால் நாம் தொலைபேசியை அம்மையாரிடம் தந்தபோது, நாற்பது ஆண்டு பேசிய இந்தி அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தமிழில் அழுதார். நாமே வாங்கிப் பேச வேண்டியதாயிற்று. நம்மைப் போல ஒருவர் அருகில் இல்லாதவர் என்ன செய்வார் என்ற எண்ணத்தால், மறுநாள் ஓர் அட்டையில் தமிழ் எழுத்தில் இப்படி எழுதிக் கொடுத்தோம்: “மேரே காத்தே ஸே தோக்கே ஸே பைஸா நிகால் லியா கயா ஹை.” என் கணக்கிலிருந்து ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்பது பொருள். அதன் கீழே 1930 என்ற எண். அதற்கும் கீழே, அடுத்த வீட்டுக்காரரின் எண். அம்மையார் அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்தார். எங்கள் குடியிருப்பில் வேறு பதினோரு வீடுகளுக்கும் அதுபோல எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெங்களூரில் இருப்பவர்கள் கன்னடத்திலும், மும்பையில் இருப்பவர்கள் மராத்தியிலும் அண்டை வீட்டாரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தடுக்கப்பட்ட 1,40,000 ரூபாய், நீதிமன்றத்தில் மனுச் செய்து ஆணை பெற்ற பின், 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மையாரின் கணக்குக்குத் திரும்பியது. வங்கியிலிருந்து அதனைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி வந்தபோது அவர் அதை நம்பவில்லை. அத்தாளை எடுத்துக்கொண்டு வங்கிக்கு நேரே நடந்து சென்று, கணக்குப் புத்தகத்தில் அச்சிட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே வீடு திரும்பினார்.